நகரத்தார் வளவு: செட்டிநாட்டு வணிகர் இல்லத்தின் வரலாறும் கட்டடச் சிறப்பும்

வன்னிப் பெருநிலத்தில் வாழ்வோருள் முதிரை மரத்தை அறியாதார் இலர். கதவுக்கும் நிலைக்கும் கட்டிலுக்கும் பேழைக்கும் ஏற்ற வைரம் பாய்ந்த மரம் அது. இழைத்து மெருகிட்டால் பொன்னிறமும் பட்டின் மினுக்கமும் ஒருங்கே காட்டுவது. இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வளரும் இம்மரம் கடல் கடந்து சென்று, தமிழகத்தின் வறண்ட நிலப்பகுதியொன்றில் நூறாண்டுக்கு மேலாகத் தூணாகவும் உத்தரமாகவும் நின்று வருகின்றது. அந்நிலப்பகுதியே செட்டிநாடு. அங்குள்ள வணிகர் மாளிகைகளில் முதிரைக்கு அருகே பர்மாத் தேக்கு நிற்கும். தேக்கின் அடியில் இத்தாலியப் பளிங்கு விரிந்திருக்கும். சுவரின் கீழ்ப்பகுதியை யப்பானிய ஓடு அணிசெய்யும். மேலே பெல்ஜிய நாட்டுச் சரவிளக்குத் தொங்கும்.

பேராறு ஒன்றும் பாயாத, துறைமுகம் ஒன்றும் இல்லாத ஒரு நாட்டில் இத்துணைத் தேசத்துப் பொருள்களும் ஒரே கூரையின்கீழ்க் கூடியமை எவ்வாறு? பார்ப்பவர் கண்ணை அவ்வில்லங்களின் அலங்காரமே முதலிற் கவர்கின்றது. அதனைச் செல்வச் செருக்கு என்று ஒதுக்குவாரும் உளர். கலைத்திறன் என்று வியப்பாரும் உளர். இருதிறத்தாரும் காணத் தவறுவது ஒன்றுண்டு. அவ்வில்லம் முதற்கண் ஒரு கூட்டுக் குடும்பத்தின் ஒழுங்குமுறை. அடுத்து ஒரு கடல்வாணிகத்தின் கணக்கேடு. அதன் பின்னரே அழகிய கட்டடம். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தவரை வீடு வாழ்ந்தது. முன்னைய இரண்டும் தளர்ந்தபோது மூன்றாவது தனித்து நிற்கும் ஆற்றலின்றித் தவிக்கின்றது. இவ்வுண்மையை அவ்வில்லத்தின் வரலாறு கொண்டும் அமைப்புக் கொண்டும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்தாரும் அவர்தம் நாடும்

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அடங்கிய ஊர்த்தொகுதி. காரைக்குடி, தேவகோட்டை என்பன அதன் பெருநகரங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, இராயவரம், கடியாபட்டி முதலியன பெயர்பெற்ற ஊர்கள். ஆதியில் 96 ஊர்கள் இருந்தன என்பது அங்கு வழங்கும் மரபு. இன்று நகரத்தார் வாழும் ஊர்கள் எழுபதுக்கு மேற்பட்டவை.

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் இவ்வணிக மரபினர், தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்து, பின்னர்ப் பாண்டிநாடு புகுந்தவர் என்று கூறுவர். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமங்கோயில், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது ஊர்க் கோயில்களே இவர்தம் குலப்பிரிவுகளுக்கு அடிப்படை. திருமணமான ஒவ்வோர் இணையும் கோயிற் கணக்கில் ஒரு ‘புள்ளி’யாகப் பதியப்பெறும், கோயில் வரியும் புள்ளிக் கணக்கின்படியே விதிக்கப்படும். குடும்பம் என்பதற்கு இவர்கள் கொண்ட அலகு இப்புள்ளியே. இதனை மனத்திற் கொண்டால்தான் அவர்தம் வீட்டின் அமைப்பு விளங்கும்.

உப்பும் நெல்லும் துணியும் விற்றுவந்த இவர்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கும், தொடர்ந்து பினாங்கு, சிங்கப்பூர் முதலிய இடங்களுக்கும் சென்று கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்தினர். 1852 இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றியதும், 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இவர்தம் வரலாற்றில் பெரிய திருப்பங்களாயின. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளை அழித்து நெல் விளைவித்த பர்மிய உழவர்க்கு முதல் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் உழவர்க்கு நேரே கடன் கொடுக்க அஞ்சின. அவ்விடைவெளியை நகரத்தார் நிரப்பினர். கொழும்பிலும் இதே நிலையே. செட்டியார் தெருவில் இருந்த இவர்தம் கிட்டங்கிகளே நெடுங்காலம் சிறுவணிகர்க்கும் தோட்டக்காரர்க்கும் வங்கிகளாக விளங்கின. 1874 முதல் கொழும்பில் நிகழ்ந்துவரும் ஆடிவேல் விழா, கதிரேசன்பால் இவர்கள் கொண்ட பத்திக்குச் சான்றாகும்.

கடைக்கு அனுப்பப்படுவோர் முதலாளியின் ஏசண்டாகவும், அவருக்கு உதவும் அடுத்தாளாகவும், எடுபிடி வேலைக்குரிய பொடியனாகவும் படிப்படியாகத் தொழில் கற்றனர். ஏசண்டின் தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. அத்தவணையைப் பெண்டிர் பிள்ளைகளின்றித் தனியே கழிப்பதே பழைய வழக்கம். ஆடவர் கடல்கடந்து வாழ, மனைவியரும் முதியோரும் குழந்தைகளும் ஊரில் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஆகவே செட்டிநாட்டு வீடு, உடையவர் பெரும்பாலும் இல்லாத வீடாக இருந்தது. தலைவர் இல்லாத காலத்தும் தானே ஒழுங்காக இயங்கக்கூடிய வீடு ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

மனையும் கட்டும்

செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. ஒரு மனை பெரும்பாலும் ஒரு தெருவிலிருந்து அதற்கு இணையான அடுத்த தெருவரை நீண்டிருக்கும். முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் மற்றைத் தெருவிலுமாக அமையும். நெடுக்கம் பெரும்பாலும் கிழக்கு மேற்காகும். அடித்தளம் தெருமட்டத்துக்கு மேல் நன்கு உயர்த்தப்பட்டிருக்கும். கடல்கோளால் பூம்புகாரை இழந்த நினைவினாலேயே இவ்வாறு உயர்த்திக் கட்டினர் என்று அவ்வூரார் சொல்வதுண்டு.

முன்வாயிலில் நின்று நோக்கினால், கதவுகள் யாவும் திறந்திருக்கும்போது, பின்வாயில் வரை பார்வை ஒரே நேர்கோட்டிற் செல்லும். இவ்வச்சின் இருபுறமும் வீட்டின் பகுதிகள் ‘கட்டு’ என்னும் பெயரால் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன.

முதலில் உள்ளது முகப்பு. தெருவை நோக்கிய உயர்ந்த திண்ணைகளும், அவற்றைத் தாங்கும் தூண்களும், பெருவாயிலும் இதன்கண் அடங்கும். வந்தவரை வரவேற்பதும், கணக்கு எழுதுவதும், வணிகம் பேசுவதும் இங்கேயே நிகழும். அயலார் இதற்கப்பால் செல்வது அருமை.

முகப்பைக் கடந்தால் வருவது வளவு. இச்சொல் இலங்கையர்க்கு ஒரு சிறு வியப்பை அளிக்கும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளவு என்றால் வீடு அமைந்த வேலி சூழ்ந்த நிலம். செட்டிநாட்டிலோ அது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தையும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கண்டவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. நாற்சாரின் நடுமுற்றமே அங்குப் பெருகிப் பெரிதாகி வளவாகியது எனலாம். முற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தூண்கள்; தூண்களுக்குப் பின்னே பத்தி; பத்திக்குப் பின்னே வரிசையாக அறைகள்.

இவ்வறைகளில்தான் கூட்டுக் குடும்பத்தின் ஒழுங்கு எழுதப்பட்டுள்ளது. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறைப்பகுதி ஒதுக்கப்படும். மணமாகிச் சில காலம் சென்றபின் அவ்விணையை ‘வேறு வைத்தல்’ என்பது நகரத்தார் வழக்கம். வீட்டை விட்டு வெளியேற்றுவது இதன் பொருளன்று; ஒரே கூரையின்கீழ்த் தனி உலையும் தனிச் செலவும் கொடுத்து வைப்பதே வேறு வைத்தல். அடுப்பு வேறு, கணக்கு வேறு. வாயிலும் வளவும் வழிபாடும் பொது. சிக்கனத்தை இளமையிலேயே கற்பிப்பதோடு, மருமகளிரிடையே பூசல் எழாமலும் இம்முறை காத்தது. அறைகள் சிறியவை, காற்றோட்டமும் குறைந்தவை. சீர்வரிசைப் பொருள்களையும் நகைகளையும் பூட்டிவைத்தற்கே அவை பெரிதும் பயன்பட்டன. உறக்கமும் உரையாடலும் பத்தியிலேதான். தனித்து இருத்தற்கு இடம் குறைவாகவும் கூடியிருத்தற்கு இடம் மிகுதியாகவும் அமைத்த இவ்வேற்பாடு தற்செயலாக நேர்ந்ததன்று.

இரண்டாங்கட்டில் விருந்துண்ணும் நெடுங்கூடமும், மூன்றாங்கட்டில் சமையற்பகுதியும் களஞ்சியமும் அமையும். அதற்கப்பால் கிணறும் தோட்டமும் பின்வாயிலும் உள்ளன. பெண்டிரின் உலகம் பெரும்பாலும் இப்பின்கட்டுகளே. மரச்செக்கும் ஆட்டுக்கல்லும், ஊறுகாய்ச் சாடிகளும் வற்றல் உலரும் முற்றமும் அங்கே காணப்பட்டன. ஆடவர் முன்கட்டில் வட்டிக் கணக்கை எழுதினர் என்றால், பெண்டிர் பின்கட்டில் நெல்லையும் புளியையும் எண்ணெயையும் கணக்கிட்டனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் கணவன் கண்டது, அவனின்றியே பிழையற நடந்துவந்த ஒரு நிறுவனத்தை.

சுண்ணமும் ஓடும் மரமும்

செட்டிநாட்டின் வெயில் வன்னியின் வெயிலுக்குக் குறைந்ததன்று. அதனைத் தணிக்கும் வழிகள் யாவும் கட்டடத்திலேயே அமைந்துள்ளன. செங்கற்சுவர்கள் தடித்தவை. நாட்டோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு வேயப்பட்டிருத்தலின், வெப்பம் உள்ளே இறங்குதல் அரிது. முற்றத்தில் எழும் சூடான காற்று மேலே செல்ல, தெருவாயிலிலிருந்தும் பின்வாயிலிலிருந்தும் காற்று உள்ளே ஈர்க்கப்படுகின்றது. நேர்கோட்டில் அமைந்த வாயில்கள் கண்ணுக்கு அழகாதலோடு காற்றுக்கும் வழியாகின்றன.

மழை அருகிய நாட்டில் மழைநீரும் செல்வமே. கூரைகள் நான்கும் முற்றத்தை நோக்கிச் சரிந்துள்ளன. முதல் மழையில் கூரைத் தூசு நீங்கியபின் விழும் நீரைப் பெரிய பாத்திரங்களிற் பிடித்து வைப்பர். எஞ்சிய நீர் வடிகால் வழியே கிணற்றடிக்கும் ஊருணிக்கும் செல்லும். ஊரின் நீர்நிலையும் வீட்டின் கூரையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக இருந்தமை, குளங்களை நம்பி வாழும் வன்னி மக்கள் நன்குணரத்தக்க செய்தி.

சுவரின் மேற்பூச்சு செட்டிநாட்டுக் கொத்தரின் தனித்திறம். நன்கு நீற்றிய சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பல படைகளாகப் பூசுவர். கடைசிப் படையை மென்மையான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவர். கைபட்டால் பளிங்கு போல் வழவழப்பும் குளிர்ச்சியும் தோன்றும். வெள்ளையடிக்க வேண்டாமலே நெடுங்காலம் பொலிவு குன்றாதிருக்கும் சுவர்கள் இன்றும் பல வீடுகளில் உள்ளன.

நிலத்தில் பதிக்கும் ஓட்டுக்கு ஆத்தங்குடி புகழ்பெற்றது. கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் உலோகச் சட்ட அச்சை வைத்து, அதன் அறைகளுள் வண்ணம் கலந்த சீமெந்துக் குழம்பைக் கையால் ஊற்றுவர். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த சீமெந்தும் மணலும் தூவி, அதன்மேல் ஈரச்சாந்தை நிரப்பி மட்டஞ் செய்வர். இறுகிய ஓட்டை நீரில் ஊறவைத்துப் பின் உலர்த்துவர். சூளை வேண்டுவதில்லை. கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம் கண்ணாடி போலவே மிளிரும். நடக்க நடக்க மெருகு கூடுவது இவ்வோட்டின் சிறப்பு. ஆட்கள் நடமாடாத வீட்டில் அது ஒளி மங்கிவிடும்.

மரவேலையில் தேக்கும் முதிரையும் முதலிடம் பெற்றன. பர்மாவில் வாணிகம் செய்தோர் தேக்கையும், இலங்கையில் வாணிகம் செய்தோர் முதிரையையும் கப்பலேற்றி அனுப்பினர். வளவின் தூண்கள் சிலவிடத்துக் கருங்கல், சிலவிடத்து மரம், பிற்காலத்து வீடுகளில் வார்ப்பிரும்பு. தூணின் வகை கொண்டே வீடு எழுந்த காலத்தை ஒருவாறு உய்த்துணரலாம்.

அலங்காரத்தின் பொருள்

வீட்டின் அலங்காரம் யாண்டும் ஒரேயளவாகப் பரவியிருக்கவில்லை. அதன் உச்சம் பெருவாயிலேயாம். வாயில் நிலையின்மேல் கசலக்குமியின் உருவம், இருபுறமும் யானைகள்; நிலையைச் சூழக் கொடியும் மலரும் கிளியும் யாளியும்; அடுக்கடுக்காக உள்வாங்கிச் செல்லும் சட்டங்கள். தச்சர் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை ஒரு நிலைக்கே செலவிட்டிருத்தல் வேண்டும் என்று எண்ணத்தக்க நுண்மை அவற்றில் உண்டு. திருமகள் புகும் வழி வாயில் என்பது வணிகர் நம்பிக்கை. கோயிலில் கோபுரம் எவ்வாறோ அவ்வாறே வீட்டில் வாயில். உள்ளே செல்லச் செல்ல அலங்காரம் குறைந்து, சமையற்கட்டில் எளிமையே எஞ்சும். ஊரார் காணும் இடத்தில் பெருமை, உற்றார் வாழும் இடத்தில் சிக்கனம். நகரத்தாரின் வாழ்க்கை நெறியைச் சுருங்கச் சொல்வதாயின் இதனினும் தெளிவான சான்று இல்லை.

ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை எழுந்த இவ்வில்லங்களைக் கால முறையில் நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படும். முற்பட்டவை உள்நோக்கியவை, தெருவுக்குத் திண்ணையையும் வாயிலையும் மட்டும் காட்டி, அழகையெல்லாம் வளவினுள் வைத்தவை. 1900 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை வெளிநோக்கியவை. மாடி எழுந்தது, மாடியில் கைப்பிடிச்சுவரும் வளைவுகளும் ஐரோப்பிய முறைத் தூண்களும் வந்தன. முகப்பின் உச்சியில் சுதையுருவங்கள் நின்றன. அவற்றுள் முருகனும் திருமகளும் உண்டு; துப்பாக்கி ஏந்திய ஆங்கிலச் சிப்பாயும் உண்டு. விட்டத்தின் அடியில் பிரித்தானியாவிலிருந்து வந்த பூவேலைத் தகடுகள் பதிக்கப்பட்டன. சாளரத்தில் நிறக்கண்ணாடி பொருத்தப்பட்டது.

இவற்றை வெறும் மேனாட்டு மோகம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் முழுமையான உண்மையன்று. வெளித்தோற்றம் எத்துணை மாறினும் வளவு மாறவில்லை. கட்டுகளின் வரிசை மாறவில்லை. புள்ளிக்கு ஓர் அறை என்னும் நியதி மாறவில்லை. உலகத்தின் பொருள்களை வீட்டுக்குள் அழைத்த வணிகன், அவற்றையெல்லாம் தன் குலமரபின் சட்டகத்துக்குள்ளேயே அமர்த்தினான். அயல்நாட்டுப் பொருள் ஒவ்வொன்றும் அவன் தொழில் செய்த கரையையோ, அவன் பணம் பயின்ற கடல்வழியையோ நினைவூட்டியது. படித்தறிய வல்லார்க்கு அவ்வீடு ஒரு பேரேடு.

இப்பிற்கால மாளிகைகளுள் தலைசிறந்ததெனக் கருதப்படுவது கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881-1948) கட்டி, 1912 இல் நிறைவெய்திய அரண்மனை. அதே செல்வம் 1929 இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அங்கு முதற் தமிழ்ப் பேராசிரியராய் 1931 முதல் 1933 வரை பணியாற்றியவர் ஈழத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் என்பதும், ஈழத்து மாணாக்கர் பலர் அப்பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெற்றனர் என்பதும் ஈண்டு நினையத்தக்கன. முதிரை கொண்டுசென்ற கடல்வழியே கல்வியும் திரும்பி வந்தது.

பெருமையும் வீழ்ச்சியும்

காரைக்குடியில் ‘ஆயிரம் சன்னல் வீடு’ என வழங்கும் பெருமாளிகை 1941 இல் கட்டப்பட்டது. அவ்வாண்டின் டிசம்பர்த் திங்களில் யப்பான் போரில் இறங்கியது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பெருமையின் கடைசி ஆண்டும் வீழ்ச்சியின் முதலாண்டும் ஒன்றேயாயின.

உண்மையில் வீழ்ச்சி அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1930 அளவில் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியபோது நெல்விலை சரிந்தது. பர்மிய உழவர் கடனைத் திருப்பும் வகையற்றனர். ஈடு வைத்த நிலங்கள் கடன்கொடுத்தோர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் 13 முதன்மை மாவட்டங்களில், 1930 இல் பயிர்நிலத்தில் 6 வீதமே நகரத்தாரிடம் இருந்தது. 1938 இல் அது 25 வீதமாயிற்று. வெளித்தோற்றத்தில் இது செல்வப்பெருக்கம். ஆனால் நிலம் வட்டி ஈட்டும் பணமன்று. பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரத்தக்க பொருளுமன்று. நிலத்தை இழந்த உழவரின் துயரம் வெறுப்பாக வளர்ந்தது. அவ்வெறுப்பும் நியாயம் அற்றதன்று. போர் வந்தபோது உயிர் தப்பினாற் போதுமென்று காடும் மலையும் கடந்து நடந்து வந்தோர் பலர். 1948 இல் பர்மா விடுதலையடைந்தபின் இயற்றப்பட்ட நிலச்சட்டங்களால் அம்முதல் முற்றாகக் கைவிட்டுப் போயிற்று.

இலங்கையிலும் நிலை மாறியது. 1934 இல் அறிக்கை வெளியிட்ட வங்கி ஆணைக்குழு, நாட்டுக்கு உரிய வங்கி ஒன்றன் தேவையை வற்புறுத்தியது; 1939 இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. செட்டியார் தெருக் கிட்டங்கிகளின் காலம் மெல்ல மெல்ல முடிவுற்றது.

வருவாய் நின்றது, வீடு நின்றுகொண்டேயிருந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும், பின்னர் அதற்கப்பாலும் தொழில் நாடிச் சென்றனர். நூற்றுக்கணக்கான தூண்களையும் கதவுகளையும் பேணும் ஆள்பலம் அருகிற்று. இந்நிலையில் வீட்டைக் கட்டிய அதே கூட்டுரிமை வீட்டுக்குப் பகையாயிற்று. புள்ளிதோறும் பங்கு உண்டு. தலைமுறை பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகினர். விற்பதாயின் அனைவரும் இசைய வேண்டும். பழுதுபார்ப்பதாயின் அனைவரும் கொடுக்க வேண்டும். ஒருவர் இசைந்தால் ஒருவர் இசையார். அதற்குள் ஓடு பிரிந்து மழைநீர் உட்புகுந்து உத்தரத்தை அரித்துவிடும்.

ஒற்றுமைப்பட்ட பங்காளிகளும் சிலவிடத்து வீட்டை இடித்து விற்பதற்கே ஒற்றுமைப்பட்டனர். இடிப்பவர்க்குச் சுவரும் திட்டமும் வேண்டா. தேக்கும் முதிரையும் கதவும் நிலையுமே வேண்டும். காரைக்குடியின் பழம்பொருட் கடைத்தெருவில் அவ்வாறு பெயர்ந்து வந்த தூண்களும் நிலைகளும் விலைக்கு நிற்கின்றன. அவை தொலைநாட்டு விடுதிகளுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் அணியாகச் செல்கின்றன. தூண் அழியவில்லை; ஆயினும் அது தாங்கிய வளவு அழிந்தது. கசலக்குமி அழியவில்லை, அவள் காத்த வாயில் அழிந்தது. ஏட்டின் தாள்களைக் கிழித்துப் படங்களை மட்டும் சட்டமிட்டு மாட்டுவது போன்றது இது.

காக்கும் வழி

விற்றவரைப் பழித்தல் நேர்மையாகாது. மகள் திருமணத்துக்கும் மகன் கல்விக்கும் பணம் வேண்டிய குடும்பத்தினிடம், ஊர்ப்பெருமைக்காக நூறு தூண்களைத் தாங்கி நில் என்று கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆகவே, உடையவர்க்கும் ஊர்க்கும் ஒருங்கே பயன் தரும் வழியே நிலைத்த வழியாகும்.

அத்தகைய வழிகள் மூன்றினைச் செட்டிநாட்டிலேயே காணலாம். முதலாவது, பழைய வழக்கத்தின் வலிமை. தொலைவில் வாழும் பங்காளிகளும் திருமணத்தையும் படைப்பையும் மூதாதையர் வீட்டிலேயே நடத்த விரும்புகின்றனர். ஆண்டில் சில நாளேனும் உலை எரியும் வீட்டின் கூரையைப் பழுதுபார்க்க மனம் வருகின்றது. இரண்டாவது, புதிய பயன். கடியாபட்டியின் சிதம்பர விலாசமும், கொத்தமங்கலத்தில் 1910 இல் எழுந்த சாரதா விலாசமும் செப்பனிடப்பட்டு விருந்தினர் தங்கும் இல்லங்களாகியுள்ளன. அவ்வாறு செப்பனிடும்போது பழைய சுண்ணப்பூச்சும் ஆத்தங்குடி ஓடும் மீண்டும் தேவைப்படுகின்றன. கொத்தருக்கும் ஓடு செய்வார்க்கும் தொழில் கிடைக்கின்றது. கைத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கின்றது. மூன்றாவது, பொதுப்பணிக்குக் கொடுத்தல். காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909-1957) மகளிர் கல்லூரிக்காகத் தாம் வாழ்ந்த இல்லத்தையே விட்டுக்கொடுத்தவர். வீடு பள்ளியாயிற்று, இடிபடவில்லை.

2014 இல் செட்டிநாட்டு வணிகர் ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் இந்திய அரசினால் சேர்க்கப்பட்டன. அப்பட்டியல் தனித்த மாளிகை எதனையும் குறியாது, தெருவும் ஊருணியும் கோயிலும் வீடும் சேர்ந்த ஊர் முழுவதையும் குறித்தமை சிறந்த தெளிவு. வீட்டின் பொருள் வீட்டுக்குள்ளே மட்டும் இல்லை என்பதை அது ஏற்றுக்கொண்டது. எனினும் பட்டியலிற் பெயர் எழுதுதல் கூரையில் ஓடு வேய்தல் ஆகாது. வேய்பவர் உடையவரே. அவர்க்குச் சட்டமும் வரிச்சலுகையும் கடனுதவியும் துணைநிற்றல் வேண்டும்.

இவ்வரலாறு வன்னி மாணாக்கர்க்குத் தரும் பாடமும் ஒன்றுண்டு. வன்னியில் செட்டிநாட்டு மாளிகை போன்றன எழவில்லை. மண்சுவரும் கிடுகுக் கூரையும் திண்ணையும் கொண்ட எளிய வீடுகளும், இடையிடையே கல்வீடுகளும் நாற்சார் வீடுகளுமே இருந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் அவற்றுட் பல தடமின்றி மறைந்தன. அளவெடுத்து வரைபடம் எழுதி வையாமலே மறைந்த வீடு இருமுறை இறந்த வீடாகும். மண்ணிலிருந்து ஒருமுறையும் நினைவிலிருந்து மறுமுறையும். செட்டிநாட்டில் இடிபட்ட வீடுகளைக்கூட, அவற்றையொத்த வீடுகள் எஞ்சியிருத்தலின், ஆய்வாளர் ஒருவாறு மீட்டு எழுதிவிடலாம். வன்னியில் எஞ்சியவை சிலவே.

ஆதலின் எஞ்சிய சிலவற்றையேனும் இன்றே பதிவுசெய்தல் கடன். அதற்குப் பெரும் பொருள் வேண்டா. அளவுநாடா ஒன்றும், கோட்டுத்தாளும், முதியோரிடம் கேட்கும் பொறுமையும் போதும். திண்ணையின் நீளம் எவ்வளவு, முற்றம் எத்திசை நோக்கியது, நெல் எங்கே சேமித்தனர், அறைக்கு என்ன பெயர் வழங்கினர், நிலையைச் செதுக்கிய தச்சர் எவ்வூரார், கதவு எந்த மரம் என இவற்றை ஒரு வகுப்பு மாணாக்கர் ஒரு தவணைக்குள் எழுதி முடிக்கலாம். அவ்வாறு எழுதிய ஏட்டில் ‘முதிரை’ என்னும் சொல் வரும்போது, அதே மரம் கடலுக்கு அப்பால் ஒரு வணிகன் வளவைத் தாங்கி நிற்பதையும் அவர்கள் நினைப்பாராக. வீடு என்பது நிற்கும்வரை உறைவிடம். வீழ்ந்தபின் எழுத்தில் எஞ்சுவது எதுவோ அதுவே வரலாறு.